நான் ஏறாத விமானத்திலிருந்து பார்த்த ஊர்

விமானத்தின் வயிற்றில் ஓட்டை போடுவார்கள் என்று சொன்னால் எங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. போடுவார்கள். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, அதில் பதித்த கண்ணாடியைத் துடைத்தே முப்பத்திரண்டு வருஷம் நான் சோறு தின்றிருக்கிறேன். கண்ணாடிக்கு மேலே ஒரு கருவி உட்கார்ந்திருக்கும். கீழே நெல், கரும்பு, கோரை, ஏரித் தண்ணீர் எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பி வருகிற வெயிலை அது நூற்றுக்கணக்கான நிறங்களாகப் பிரித்து அளக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத நிறங்களும் அதில் சேர்த்தி. எது நெல், எது கோரை, எந்தப் பயிர் தண்ணீர் இல்லாமல் வாடுகிறது என்று அந்தக் கணக்கை வைத்து வரைபடம் போட்டுவிடலாம்.

போன மாதம் நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். "சார், தென்னேரில ட்ரோன் விடுறோம். உங்க ஊர் பக்கம்தானே, வந்து பாருங்க சார்" என்றாள். போனேன். ரெண்டு ஆள் தூக்கிய கருவி இப்போது டிபன் பாக்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. "ஆபரேட்டர் எங்கம்மா உக்காருவாரு?" என்று கேட்டேன். "இதுல ஆளே கிடையாது சார்" என்று சிரித்தாள். தெரிந்துதான் கேட்டேன். கிளம்பும்போது, அலுவலக மலருக்குப் பழைய அனுபவம் ஏதாவது எழுதித் தாருங்கள் என்றாள்.

எழுதுவதானால் ஒன்றைத்தான் எழுத வேண்டும். இத்தனை நாள் அதை எழுத முடியாமல் இருந்ததற்கு என் மனைவி தேவகிதான் காரணம். அவள் போய் இரண்டு வருஷமாகிறது. இனி எழுதலாம்.

டிப்ளமோ முடித்து வடக்கே வேலைக்குப் போன கதை எல்லோருக்கும் உள்ள கதைதான், விட்டுவிடுகிறேன். முதல் மூன்று வருஷம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: ஈரம். கருவியின் உள்ளே இருக்கும் உணர்பகுதியைக் கடும் குளிரில் வைத்திருப்போம். நம் கடற்கரைக் காற்று கொஞ்சம் உள்ளே புகுந்தாலும் அதன் மேல் பனி படிந்துவிடும், அன்றைய வேலை போச்சு. அதனால் உள்ளே உலர்ந்த நைட்ரஜனை விட்டுக் காற்றை வெளியேற்றுவதும், ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை வறுத்து மாற்றுவதும் என் வேலை. ஒருநாள் சமைக்காவிட்டாலும் பொட்டலம் வறுப்பீர்கள் போலிருக்கிறதே என்று தேவகி கேலி செய்வாள்.

எங்கள் தலைவர் ராவ் சார். தெலுங்குக்காரர், மெட்ராஸில் படித்தவர். எல்லோரையும் 'நாயனா' என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். ஒரு கேள்வியை ஒருமுறை கேட்பார். பதில் பிடிக்காவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, அதே கேள்வியை இன்னும் மெதுவாகக் கேட்பார். இரண்டாம் முறை பொய் சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. எதையும் பென்சிலால்தான் எழுதுவார். வயலில் வியர்வை பட்டால் பேனா மை ஓடிவிடும் என்பார். அளக்கிற இடத்தில் எல்லோரும் கருப்புச் சட்டை போட வேண்டும் என்பது அவர் சட்டம். வெள்ளைச் சட்டையின் வெளிச்சம் தரையில் விழுந்து கணக்கைக் கெடுக்கும். இதற்காகவே வெயிலில் வறுபட்டு, பார்க்கிறவர்களிடம் "நாங்கள் மலைக்குப் போகிற சாமிகள் இல்லை" என்று சொல்லியே எனக்குப் பாதி வயசு போய்விட்டது.

விமானத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். இரண்டு பைலட், ஒரு ஆபரேட்டர். கருவியைப் பொருத்தி, எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு நான் இறங்கிவிடுவேன். ராவ் சார் ஏறிக்கொள்வார். பதினெட்டு வருஷம் இப்படி. விமானம் மேலே போகும்போது ஸ்க்ரூடிரைவரோடு ஓரமாக நிற்பேன். கல்யாண வீட்டில் சமைத்துப் போட்டுவிட்டுப் பந்தியில் உட்காராத சமையல்காரன் மாதிரி இருக்கும். வெளியே சொன்னதில்லை. ஆனால் ராவ் சாருக்குத் தெரிந்திருக்கிறது.

தென்னேரி ஏரிப் பாசனத்தையும் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஏரி குளங்களையும் பறந்து அளக்கும் வேலை வந்தது. தென்னேரியில் தொடங்கி எங்கள் ஊர் மேலே போய்த் திரும்ப வேண்டும். ராவ் சார் பெயர்ப் பட்டியலை என் முன்னால் வைத்தார். ஆபரேட்டர் என்ற இடத்தில் பென்சிலால் என் பெயர்.

"இந்தத் தடவை நீ ஏறு நாயனா. உன் ஊரு. நான் கீழ இருந்து அளந்துக்கறேன்" என்றார்.

டாக்டர் பரிசோதனையில் தேறினேன். தேவகிக்குப் போன் செய்தேன். அவள் அப்போது காஞ்சிபுரத்தில் என் அப்பா அம்மாவோடு இருந்தாள். அடுத்த நாளைக்குள் தெருவில் தறி போடுகிற அத்தனை வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

இங்கே துணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலே பறக்கிற கருவிக்கும் தரைக்கும் நடுவில் காற்று, தூசி, பனிமூட்டம் எல்லாம் இருக்கிறது. அவை வெளிச்சத்தைக் கெடுக்கும். எவ்வளவு கெடுத்தது என்று கண்டுபிடிக்க, எவ்வளவு வெள்ளை என்று நமக்கு முன்பே தெரிந்த ஒரு துணியைத் தரையில் விரித்துவைப்போம். மேலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று பார்த்து, அந்த வித்தியாசத்தை ஊர் முழுவதற்கும் கழித்துவிடுவோம். எங்கள் துணி காடாத் துணி. பன்னிரண்டு நீளப் பட்டைகள், பக்கம் பக்கமாக விரித்துக் கட்டினால் ஒரு களம் அளவுக்கு வரும். சுருக்கம் ஒன்று கூட இருக்கக் கூடாது. தெருவில் தறிக்குப் பாவு நூலை நீள இழுத்து வளர்ந்தவன் என்பதால் அந்த வேலை எனக்கு நன்றாக வரும். அதற்கு ஒரே ஒரு விதி. அழுக்கானால் வெறும் தண்ணீர். சோப்பு கூடாது, வேறு எதுவும் கூடாது.

முந்தைய வேலை கரும்புக் காட்டில். துணி செம்மண்ணும் ஆட்டுக் குளம்பு அடையாளமுமாக வந்து சேர்ந்தது. தென்னேரி வேலைக்கு வந்து நாங்கள் தங்கிய விடுதியின் சாமான் அறை ஒழுகியதால், மூட்டையை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தேவகி அவிழ்த்துப் பார்த்துவிட்டு மூக்கில் விரல் வைத்தாள்.

"இதையாங்க விரிக்கப் போறீங்க? ஊரே ஏரோபிளேன் பாக்க நிக்கப் போவுது. பைலட்டுங்க வேற பாப்பாங்க. இன்னா நெனப்பாங்க நம்ம வூட்டப் பத்தி?"

"வெறும் தண்ணில அலசிப் போடு, போதும்" என்றேன்.

மாடியில் இருக்கும் சிமென்ட் தொட்டியில் இரண்டு பேரும் சேர்ந்து அலசினோம். மத்தியானம் முழுக்க அதுதான் வேலை. எங்கள் தெருவில் ஒரு பழக்கம். வெள்ளைத் துணி எதுவும் நீலம் போடாமல் வாசலைத் தாண்டாது. நீலம் போடாத வேட்டியோடு கோயிலுக்குப் போனால், வீட்டில் பொம்பளை இல்லையா என்று கேட்பார்கள். நான் ஆறாவது பட்டையைப் பிழிந்துவிட்டுத் திரும்புகிறேன், தேவகி தொட்டித் தண்ணீரில் நீலத்தை ஊற்றிவிட்டு, காலிப் பாட்டிலோடு நிற்கிறாள். முதல் ஐந்து பட்டை ஏற்கனவே அதில் முங்கிக் கொடிக்குப் போய்விட்டிருந்தது.

அப்போது நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. காய்ந்துகொண்டிருந்த முதல் பட்டையைப் பார்த்தேன். கண் கூசுகிற மாதிரி வெள்ளை. என் ஊர், என் வீடு, நான் பறக்கிற நாள். இதற்கு மேல் வெள்ளையாவது கெடுதலா என்று தோன்றிவிட்டது. பதினெட்டு வருஷம் வெளிச்சத்தை அளக்கும் வேலையில் இருந்தவன் செய்கிற யோசனையா அது! ஆனால் அப்படித்தான் யோசித்தேன். மிச்சப் பட்டைகளையும் நானே முக்கிக் கொடுத்தேன்.

பறப்பதற்கு முதல் நாள் காலை தென்னேரிக் கரைக்குப் பக்கத்துத் தரிசில் துணியை விரித்தேன். ராவ் சார் கைக்கருவியால் அளந்தார். வழக்கமாகத் திரையில் கோடு நேராக, மேசை விளிம்பு மாதிரி வரும். அன்றைக்கு மஞ்சளும் ஆரஞ்சும் வருகிற இடத்தில் ஒரு பள்ளம். ராவ் சார் கருவியைச் சோதித்தார். புல்லை அளந்தார், சரியாக இருந்தது. மறுபடி துணி, மறுபடி பள்ளம். நீலம் மஞ்சள் வெளிச்சத்தைத் தின்னும் என்பது பள்ளிக்கூடப் பாடம்.

"துணிய யாராவது ஏதாவது பண்ணாங்களா நாயனா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"சரி. காலை வெயில் சாஞ்சு கிடக்கு, பனிமூட்டம் வேற. அதான் போல. லேப்ல அளந்த பழைய கணக்கையே நாளைக்கு வச்சுக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்குப் பறப்பேன். பழைய கணக்கை வைத்தால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். துணி தின்ற மஞ்சளைக் காற்று தின்றதாக நினைத்து, ஏரிப் பாசனம் முழுவதற்கும் மஞ்சளைக் கூட்டிவிடுவோம். பச்சையாக நிற்கிற பயிர்கூட வாடின பயிராகத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரம் என்ற விவசாயி வந்தார். அவர் நிலம் கால்வாயின் கடைசியில், கடைமடையில். எங்கள் கருப்புச் சட்டைகளைப் பார்த்துவிட்டு, "இன்னா சாமி, மாலையா?" என்றார். இல்லை, ஏரித் தண்ணீர் எந்த நிலத்துக்குப் பாய்கிறது என்று மேலிருந்து படம் எடுக்கப் போகிறோம் என்றேன்.

"மெய்யாலுமா? தலைமடைல பச்சையா கீது, எங்குளுது காஞ்சிக்கினு போவுது. ஆபீஸ்ல போயி சொன்னா, எல்லாருக்கும் சரியாத்தான் தண்ணி வுடறோம்ன்றான். உங்க படத்துல அந்த வித்தியாசம் தெரியுமாபா?"

நான் குனிந்து, துணியில் இல்லாத சுருக்கத்தை நீவினேன். ராவ் சார் என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"துணிய யாராவது ஏதாவது பண்ணாங்களா?" குரல் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"நீலம் போட்டுட்டேன் சார்."

"யாரு?"

"நான்தான் சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு. "பன்னெண்டு பட்டைக்கும் ஒரே தண்ணியா? நடுவுல மாத்தினியா?"

ஒரே தண்ணீர். முதலில் முங்கிய பட்டைகள் நீலத்தை நிறையக் குடித்துவிட்டன, கடைசிப் பட்டைகளுக்கு மிச்சம்தான் கிடைத்தது. பன்னிரண்டும் பன்னிரண்டு விதம். அவர் தரையில் உட்கார்ந்து யோசித்தார். அவருக்கு முட்டி வலி, உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

"நாளைக்கு விமானம் மேல வர ஒவ்வொரு தடவையும் பன்னெண்டையும் தனித்தனியா அளக்கணும். குனிஞ்சு, ஓடி ஓடி. என் முட்டிக்கு ஆகாது. எது எந்த வரிசைல முங்கிச்சுன்னும் உனக்குத்தான் தெரியும்" என்றார். பையிலிருந்து பட்டியலை எடுத்தார். ரப்பரால் என் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதினார். ரப்பர் தூளை ஊதிவிட்டு, "சொல்லாம இருந்திருந்தா நாளைக்குப் பறந்திருப்பே நாயனா. நானும் நம்பியிருப்பேன்" என்றார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவில்லை. தென்னேரியிலேயே தங்கிவிட்டேன். போனால் தேவகி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாள்.

மறுநாள் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. பதினோரு மணிக்குக் கிழக்கிலிருந்து சத்தம் கேட்டது. நான் துணி மேல் நிழல் விழாமல், சூரியனைப் பார்த்தபடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று பட்டை பட்டையாகக் குனிந்து அளந்துகொண்டிருந்தேன். விமானம் தலைக்கு மேலே போகிற அந்த நிமிஷத்தில்தான் நான் கட்டாயம் அளக்க வேண்டும். அதனால் நிமிர்ந்து பார்க்கக்கூட முடியவில்லை. அதன் நிழல் மட்டும் வரப்பைத் தாண்டி ஓடியது. பன்னிரண்டாவது பட்டையை முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அது மேற்கே சின்னதாகிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காஞ்சிபுரத்துக்கு மேலே போகும். ஏகாம்பரம் என் பக்கத்தில் நின்று, நெற்றியில் கை வைத்து அதையே பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. வியர்வை என்று துடைத்துக்கொண்டேன். எட்டு முறை விமானம் வந்தது, எட்டு முறையும் குனிந்தபடிதான் இருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலேயே தேவகி ஓடி வந்தாள்.

"பாத்தீங்களா? நம்ம வூடு தெரிஞ்சிதா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நீங்க அடையாளம் கண்டுக்கணும்னு வூட்ல கீற எல்லா வேட்டியும், பக்கத்து வூட்டுதும் சேத்து, அதே மாதிரி பட்டையா மாடில விரிச்சி வெச்சேங்க. ஒரு சுருக்கம் இல்ல. மூலைக்கு மூலை செங்கல்லு. எல்லாம் நீலம் போட்டது, பளிச்சுன்னு இருந்துது. நான் நடுவுல நின்னு கை காட்டினேனே, பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்வதானால் நீலத்தைச் சொல்ல வேண்டும். நீ ஊற்றின நீலத்தால்தான் என் இடம் போச்சு என்று அவளிடம் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"பாத்தேன்" என்றேன். "கை காட்டினியே, பாத்தேன்."

அப்புறம் பொய்க்குக் கை கால் முளைத்தது. கோபுரங்கள் எப்படித் தெரிந்தன, குளங்கள் எப்படி மின்னின, ஓரிக்கைப் பக்கம் பாலாறு எப்படி வெள்ளை மணலாக வளைந்து போனது என்று அவள் கேட்கக் கேட்கச் சொன்னேன். அத்தனையும் வரைபடத்தில் பார்த்ததுதான். தெருப் பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். தேவகி என் தோளைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

ஒன்றரை மாதம் கழித்து, அலுவலகத்தில் ராவ் சார் என்னைக் கூப்பிட்டார். திரையில் எங்கள் ஊர். ஒரு புள்ளி என்பது தரையில் மூன்று மீட்டர் சதுரம். ஓட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு புள்ளியை அழுத்திக் காட்டினார். கோடு வந்தது. மேசை விளிம்பு, மஞ்சளில் ஒரு பள்ளம்.

"நம்ம துணி தென்னேரிலதானே இருந்தது? காஞ்சிபுரத்துல யாரு நாயனா இன்னொண்ணு விரிச்சது?"

எல்லாவற்றையும் சொன்னேன். தேவகி மாடியில் நின்றது, நான் சொன்ன பொய், எல்லாம். ராவ் சார் அந்தப் புள்ளியை மறுபடி அழுத்திப் பார்த்தார். பிறகு, "நாலு தடவை அந்த வீட்டு மேல போயிருக்கேன். அந்த ஸீட்டுல உக்காந்தா ஜன்னல் எட்டாது, உனக்கே தெரியும். கண்ணு திரையிலதான். நீ ஏறியிருந்தாலும் அவங்களைப் பாத்திருக்க மாட்டே" என்றார். தெரியும். பதினெட்டு வருஷம் அந்த இருக்கையைத் துடைத்தவனுக்குத் தெரியாதா? ஆனாலும் ஏறியிருந்தால் அவள் கை காட்டியது எனக்காக என்றாவது ஆகியிருக்கும்.

அவரே அந்தப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தார். தேவகி அந்த வெள்ளைப் புள்ளியை விரலால் தடவிப் பார்த்தாள். "இதுல நான் எங்க?" என்றாள். மனுஷங்க தெரியற அளவுக்கு நுணுக்கம் இல்லை, ஆனால் அதுக்குள்ளதான் இருக்கே என்றேன். அது ஒன்று மட்டும் உண்மை. வருகிறவர்களுக்கெல்லாம் படத்தை எடுத்துக் காட்டி, "இது நான்" என்பாள்.

தென்னேரி வரைபடம் ஒழுங்காக வந்தது. கடைமடை வாடியிருந்தது அப்பட்டமாகத் தெரிந்தது, மதகு திறக்கும் முறையை மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அந்த வாய்ப்பு மறுபடி வரவில்லை. அடுத்த பரிசோதனையில் ரத்தக் கொதிப்பு என்று டாக்டர் எழுதிவிட்டார். ராவ் சார் ஓய்வு பெற்றார். விமானம் வேறு வேலைக்குப் போனது.

தேவகி கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு மத்தியானம், பக்கத்தில் இருந்த நர்ஸிடம், "இவரு ஏரோபிளேன்ல போயிருக்காருமா. மேலருந்து என்னைப் பாத்தாரு" என்றாள். என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க, அந்தப் பொண்ணும் கேக்கட்டும்" என்றாள். சொன்னேன். கோபுரம், குளம், பாலாறு, மாடி, வேட்டிகள், நடுவில் நின்று கை காட்டுகிற தேவகி. அத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி எனக்கே அது பார்த்த மாதிரி ஆகிவிட்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தைரியம் வரவில்லை.

நிவேதா, விமானத்தில் ஏறாததற்காக நான் ரொம்ப காலம் ஏங்கியிருக்கிறேன். இப்போது அந்த ஏக்கம் இல்லை. தேவகி ஒரே ஒரு நாள் திரும்பி வந்தால் போதும். நான் மேலே இல்லை, தென்னேரியில் குனிந்து நின்றிருந்தேன், நீ கை காட்டியது எனக்கு இல்லை என்று அவளிடம் சொல்லிவிடுவேன். "ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்சேனே, என் மானத்த வாங்கிட்டீங்களே" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்துவாள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, பாத்திரத்தை டமார் டமார் என்று வைத்துக்கொண்டு, என்னோடு பேசாமல் இருப்பாள். அந்த இரண்டு நாள் எனக்கு வேண்டும்.